சஸ்பென்ஸ் அக்கவுன்ட்டில் ஒரு ஜீப்

ராக் க்ராலர் என்று ஒரு வஸ்து இருக்கிறது. ரிமோட்டில் ஓடும் குட்டி ஜீப். பெரும்பாலும் நிஜ ஜீப்பில் பத்தில் ஒரு பங்கு ஸைஸ். ரேஸ் கார் போல விர்ரென்று பறக்காது. பாறை, மரத்தின் வேர், உடைந்த படிக்கட்டு என்று எதைக் கொடுத்தாலும் ஆமை மாதிரி ஊர்ந்து ஏறும். அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் ரூபிகான் ட்ரெய்ல், யூட்டா மாநிலத்து மோஆப் போன்ற இடங்களில் நிஜ ஜீப்பை வைத்துக்கொண்டு செய்யும் விபரீதத்தை, முதுகெலும்பு உடையாமல் செய்து பார்க்கிற ஏற்பாடு. பொம்மை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். வைத்திருப்பவர் மீசை முளைத்தவர். அடிக்க வருவார்.

இதற்கு வரும் வியாதிகளில் பேஜாரானது, விக்கல். மெதுவாகப் போகும்போது நின்று, யோசித்து, தவ்வும். மோட்டார் தொட முடியாமல் கொதிக்கும். பாட்டரி சீக்கிரம் காலி. காரணம், மோட்டாருக்கும் சக்கரத்துக்கும் நடுவில் எங்கேயோ 'டைட்'.

உடனே நம் ஆசாமிக்குத் தோன்றுவது: "மோட்டார் பத்தலை சார், பெருசாப் போட்டுடலாம்." அல்லது 7.4 வோல்ட் பாட்டரியைக் கழற்றிவிட்டு 11.1 வோல்ட். போட்டால் ஓடும். அதுதான் ஆபத்தே!

பி.காம். படித்தவர்களுக்கு இது பழகின சமாசாரம். ட்ரையல் பாலன்ஸ் டாலி ஆகவில்லையா? வித்தியாசத்தைத் தூக்கி சஸ்பென்ஸ் அக்கவுன்ட்டில் போடு. இரண்டு பக்கமும் சமம். ஆடிட்டர் வரும் வரை நிம்மதியான தூக்கம். ஆனால் தப்பு அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறது. பெரிய மோட்டார் என்பது ஜீப்பின் சஸ்பென்ஸ் அக்கவுன்ட்.

தப்பைக் கண்டுபிடிக்க முதல் வேலை, அது தப்புதானா என்று பார்ப்பது. கையால் ஜீப்பைத் தள்ளும்போது தட்டுத் தட்டாக வருவது மோட்டாருக்குள் இருக்கும் காந்தத்தின் இழுப்பாகவும் இருக்கலாம். அதனால் மோட்டாரின் ஸ்க்ரூவைத் தளர்த்தி, அதன் குட்டி கியரான பினியனை, பெரிய கியரான ஸ்பரிலிருந்து விலக்கிவிடுங்கள். இனி உங்கள் விரல்தான் மோட்டார். அதேபோல, சிமென்ட் தரையில் வளைவில் மட்டும் முரண்டு பிடித்தால் கவலை வேண்டாம். பெரும்பாலான க்ராலர்களில் இடது, வலது சக்கரங்களைச் சேர்த்துப் பூட்டியிருப்பார்கள். வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் போக ஆசைப்படும், பூட்டு விடாது. (2017-ல் வந்த ட்ராக்ஸஸ் டிஆர்எக்ஸ்-4-ல் ரிமோட்டிலேயே பூட்டைத் திறக்கலாம்.) எனவே நாலு சக்கரமும் அந்தரத்தில் இருக்கும்படி ஜீப்பை ஒரு டப்பாமேல் ஏற்றி வைத்து சோதனை போடுங்கள்.

அடுத்து, ஃபைல் எந்த டேபிளில் நிற்கிறது என்று பார்க்கவேண்டும். கியர் பாக்ஸிலிருந்து முன்னும் பின்னும் போகும் இரண்டு ஷாஃப்ட்டையும் கழற்றுங்கள். ஸ்பரை விரலால் சுற்றுங்கள். லேசாகச் சுற்றினால் கியர் பாக்ஸ் நிரபராதி. முன் ஷாஃப்ட்டை மாட்டிச் சுற்றுங்கள். பிறகு பின் ஷாஃப்ட். எதை மாட்டியதும் முரண்டு வருகிறதோ, அந்த டேபிள்தான்.

இனிமேல்தான் ருசியான கட்டம். எண்ண வேண்டும். ட்ரையல் பாலன்ஸில் வித்தியாசம் 54 என்று வந்தால் பழைய கணக்குப்பிள்ளை சிரிப்பார். 9-ஆல் வகுபடுகிறதே! யாரோ 82-ஐ 28 என்று மாற்றி எழுதியிருக்கலாம். இங்கேயும் அப்படித்தான். முரண்டு எத்தனை தடவை வருகிறது என்பதே குற்றவாளியின் கைரேகை.

ஸ்பர் ஒரு சுற்று சுற்ற ஒரு தடவை டைட் என்றால், ஸ்பர் நடுமையம் தப்பியிருக்கிறது அல்லது வளைந்திருக்கிறது. ஷாஃப்ட் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை என்றால் யுனிவர்சல் ஜாயின்ட், மெக்கானிக் பாஷையில் 'கிராஸ்'. சாய்வாகச் சுற்றும் கிராஸ், ஒரு சுற்றில் இரண்டு தடவை வேகம் கூடிக் குறையும். ஷாஃப்ட்டின் இரு முனைக் கவைகளும் ஒரே வாட்டத்தில் இருந்தால் ஒன்றின் கோணலை மற்றது சரிக்கட்டும். மாற்றி மாட்டினால் இரண்டும் கூட்டுச் சேர்ந்துகொள்ளும்.

எண்ணிக்கையே இல்லாமல் சுற்று முழுக்க டைட்டா? பாக்ஸின் ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாக அரைச்சுற்று தளர்த்துங்கள். லேசானால், அளவுக்கு மீறி முறுக்கியிருக்கிறார்கள். இல்லாவிட்டால் பேரிங்கில் துருவோ மண்ணோ. ஜீப்பை மேலிருந்து அமுக்கும்போது மட்டும் டைட் என்றால் ஷாஃப்ட் நீளம் ஜாஸ்தி. ஸ்டீயரிங்கை ஒடித்தால் மட்டும் என்றால், முன்சக்கர ஜாயின்ட் தாங்கும் கோணத்தை மீறி ஒடிகிறது. ரிமோட்டில் ஸ்டீயரிங்கின் வீச்சைக் கொஞ்சம் குறையுங்கள்.

எல்லாம் முடிந்து மோட்டாரைத் திரும்ப மாட்டும்போது, பினியனுக்கும் ஸ்பருக்கும் நடுவில் நோட்டுப் பேப்பர் துண்டு ஒன்றைச் செருகி, இரண்டையும் சேர்த்து அழுத்தி, ஸ்க்ரூவை முடுக்கி, பேப்பரை உருட்டி வெளியே எடுங்கள். பேப்பர் மடிந்திருக்க வேண்டும், கிழிந்திருக்கக் கூடாது. அதுதான் சரியான இடைவெளி.

செலவு என்ன? ஒரு சாயங்காலம், ஒரு ஸ்க்ரூ டிரைவர், மிஞ்சினால் ஒரு பேரிங். பெரிய மோட்டார் போட்டவருக்கு டைட் போகவில்லை, அதை அமுக்கும் பலம்தான் கூடியிருக்கிறது. சக்கரம் ஒரு சுற்று சுற்ற மோட்டார் பல சுற்று சுற்றும். வேகம் குறைந்த அளவுக்கு விசை பெருகி, ஆக்ஸிலின் பல்லில் போய் இறங்கும்.

சஸ்பென்ஸ் அக்கவுன்ட்டை என்றைக்காவது ஒரு நாள் க்ளோஸ் பண்ணித்தான் ஆகவேண்டும். ஆபீஸில் அதை ஆடிட்டர் செய்வார், முன்கூட்டியே தேதி சொல்லிவிட்டு. ஜீப்பில் பல் சக்கரம் செய்யும், பாதிப் பாறையில்.