முன்னுக்கு வர மனமில்லாத மகன்

மரக்காணம் உப்பளப் பகுதியிலிருந்து செல்வந்தரான தந்தை ஒருவர் நமக்கு நீண்டதொரு மடல் வரைந்துள்ளார். பெயரை வெளியிட வேண்டா என்பது அவர் வேண்டுகோள். குத்தகை உப்பளங்கள், இரண்டு லாரிகள், திண்டிவனத்தில் ஒரு கடை. இவை யாவும் அவர் தம் உழைப்பால் தேடியவை. மகனுக்கு வயது இருபத்தொன்பது. பட்டம் பெற்றவன். குடியில்லை, சூதில்லை, தீய நட்பில்லை. ஆயினும் எதிலும் நாட்டமில்லை. தனிக்கடை வைத்துத் தருகிறேன் என்றார், வேண்டாம் என்றான். வெளிநாடு அனுப்புகிறேன் என்றார், சிரித்தான். ஊக்கம் பிறக்கட்டும் என்று கார் வாங்கித் தந்தார். அது வேப்பமர நிழலில் நிற்கிறது. இறுதியில், “எல்லாவற்றையும் மருமகன் பெயருக்கு எழுதிவிடுவேன்” என்று அச்சுறுத்தியும் பார்த்தார். “எழுதுங்கள் அப்பா” என்றானாம். பெண் பார்க்கப் போன இடங்களில், “பையன் என்ன செய்கிறார்?” என்று கேட்டால் விடை சொல்ல நா எழவில்லையாம். மடலின் அடியில், வேறு மையில், ஒரே ஒரு வரி: “அவனைக் கடிந்து எழுதிவிடாதீர்கள்.” அது தாயின் கையெழுத்து.

இக்குறை இக்கடற்கரைக்குப் புதியதன்று. மரக்காணத்திலிருந்து தெற்கே உள்ள புதுச்சேரியில், ஏறத்தாழ இருநூற்றெண்பது ஆண்டுகளுக்கு முன், பெருஞ்செல்வர் ஒருவர் இதே மனக்குறையைத் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். அவர்தாம் ஆனந்தரங்கப் பிள்ளை. 1709-இல் பிறந்தவர், 1726-இல் தந்தையை இழந்தவர், 1736 செப்டம்பரில் நாட்குறிப்பைத் தொடங்கியவர். துணி வணிகமும் கப்பல் வணிகமும் செய்து, பிரெஞ்சுக் கவர்னர் துய்ப்ளேக்ஸின் நம்பிக்கைக்கு உரியவராய் உயர்ந்தவர். அவர் வருந்தியது மகனைப் பற்றியன்று, தம்பியைப் பற்றி. ஆனால் தந்தையற்ற வீட்டில் மூத்தவனே தந்தை அல்லனோ? தம்பிக்கு முப்பது வயது கடந்துவிட்டது; பொருள் ஈட்டும் வேட்கை இல்லை; கும்பினியார் காரியங்களில் முன்வந்து பெயர் எடுக்கும் எண்ணமில்லை; ஐரோப்பியரிடம் பேசவே கூச்சம்; சிறு பிள்ளைக்கு உள்ள துணிவுகூட இல்லை என்னும் கருத்துப்பட அவர் நொந்து எழுதுகிறார்.

அண்ணன் எந்தச் சிறப்பைத் தம்பிக்கு விரும்பினாரோ, அச்சிறப்பின் கதையையும் அதே நாட்குறிப்பில் காண்கிறோம். தலைமை துபாசிப் பதவிக்காக எத்தனை காத்திருப்பு, எத்தனை பொறாமை, எத்தனை கோள்! பதவி கிடைத்தது, 1756-இல் கையை விட்டும் போயிற்று. 1761 ஜனவரியில், முற்றுகையில் தவித்த நகரம் ஆங்கிலேயரிடம் வீழ்வதற்குச் சில நாள் முன்னர், அவர் மறைந்தார். அதன்பின் அந்நாட்குறிப்பைத் தொடர்ந்து எழுதியவர் யார் தெரியுமா? தம்பியின் மகன் திருவேங்கடம் பிள்ளை. ஒன்றுக்கும் ஆகாதவன் என்று அண்ணன் அஞ்சிய அந்தத் தம்பியின் வீட்டில்தான் பேனா பிடிக்க ஒரு கை வளர்ந்திருந்தது.

ஆனந்தரங்கருக்கு முன் அப்பதவியை வகித்த கனகராய முதலியார் நம் மறையைச் சேர்ந்தவர். அவருக்கு வாய்த்த துயர் வேறு. இளமையில் இறந்த மகனின் நினைவாக உழவர்கரையில் புனித அந்திரேயா ஆலயத்தை எழுப்பினார். 1745-இல் நடந்த அவ்விழாவுக்கு ஊரையே அழைத்து விருந்திட்டதை ஆனந்தரங்கரும் குறித்துள்ளார். அடுத்த ஆண்டு முதலியார் இறந்ததும் விட்டுச் சென்ற சொத்தின் மீது உறவினருக்குள் வழக்கு மூண்டது. கடிந்துகொள்ளவேனும் ஒரு மகன் இருப்பதன் அருமை அவருக்குத் தெரிந்திருக்கும்.

துணி வணிகர் பெர்னார்தோனேயின் மகன் அசிசி பிரான்சிசை இங்கே சான்றாகக் காட்டச் சிலர் விழைவர். வேண்டா. காலை பத்து மணிக்கு எழும் பிள்ளைகள் அனைவரும் புனிதராகும் வழியில் இருக்கிறார்கள் என்று நாம் சொன்னால் பெற்றோர் சிரிப்பார்கள்.

ஐயா, தங்களுக்கு உப்பின் இயல்பை நாம் உரைக்க வேண்டியதில்லை. உவர்நீர் முற்றுமுன் வாரினால் உப்பு தேறாது. அளவு கடந்து விட்டால் கசப்பு ஏறும். பிள்ளை உப்பன்று, உவமையை நீட்ட வேண்டா. ஆயினும் தங்கள் மடலில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியுள்ளீர்கள்: “சனிக்கிழமை கூலி கொடுக்க மட்டும் தவறாமல் வந்துவிடுகிறான்.” நாம் அவ்வரியை மூன்று முறை படித்தோம். சோம்பேறி சனிக்கிழமைகளை நினைவில் வைத்திருப்பதில்லை. தாங்கள் பெருக்க விரும்புவது சொத்தை. அவன் கண்ணுக்குத் தெரிவது, வெயிலில் வெண்மை கண்ணைக் கூச உப்பு வாரும் பெண்கள். இது நம் ஊகமே, கேட்டுப் பாருங்கள். இதுவரை அவனிடம் எதையெல்லாமோ தருவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். எதையும் கேட்டதாக மடலில் இல்லை.

வடகிழக்குப் பருவமழையில் உப்பளம் நீரில் மூழ்கிக் கிடக்கும் மாதங்களில் அத்தொழிலாளர் என்ன உண்கின்றனர்? அரசு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் வழங்கும் திட்டம் வந்துள்ளது. ஆனால் வாரியப் பதிவும் வங்கிக் கணக்கும் ஒழுங்காக இல்லாதவர்க்கு அது எட்டாக்கனி. தங்கள் அளத்தில் வேலை செய்வோரின் பதிவு, முன்பணக் கணக்கு, குடிநீர், நிழற்கொட்டகை ஆகிய பொறுப்பை அவனிடம் விடுங்கள். மழை நின்று வரப்புக் கட்டும் காலத்தில் ஒரு பகுதிப் பாத்திகளையும் ஓராண்டுக்கு ஒப்படையுங்கள். இலாபமோ நட்டமோ அவன் கணக்கு. நாள்தோறும் சென்று எட்டிப் பார்க்காதிருப்பது தங்களுக்குக் கடினம். அதையும் செய்ய வேண்டும்.

இவற்றையும் அவன் தட்டிக் கழித்தால் அது சோம்பலே. அப்போது வீட்டில் உணவும் உறைவிடமும் உண்டு, கைச்செலவுக்கு அவன் உழைப்பே என்று சொல்லத் தயங்க வேண்டா. காரை விற்றுவிடலாம். ஆனால் மருமகன் பேச்சை இன்றே திரும்பப் பெறுங்கள். அது மகனை அசைக்கவில்லை. மகளின் இல்லத்திலோ வீணான நம்பிக்கையும் மனத்தாங்கலும் விளையும். பெண் வீட்டார் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள்: “அளத்துக் கணக்கைப் பார்க்கிறான்.”

அம்மா அவர்களுக்கு: தங்கள் விருப்பப்படி கடிந்து எழுதவில்லை. ஆனால் அவன் கைக்குத் தாங்கள் மறைவாகத் தரும் பணத்தை மட்டும் இம்மாதம் முதல் நிறுத்திவிடுங்கள்.