வெல்டர் சர்டிபிகேட் இருந்தும் ஹெல்பர் வேலை! துவாக்குடி பட்டறைகளில் தவிக்கும் வாலிபர்கள்

திருச்சி:
திருச்சி அருகே துவாக்குடி, திருவெறும்பூர் பகுதி பட்டறைகளில் வெல்டருக்கு ஆள் தேடுகிறார்கள். அதே பட்டறைகளில் ஐ.டி.ஐ. வெல்டர் சர்டிபிகேட் வைத்திருக்கும் வாலிபர்கள் கிரைண்டிங் மெஷினைப் பிடித்துக்கொண்டு ஹெல்பராக நிற்கிறார்கள். ஏன் இந்தக் கூத்து?

வெல்டர் பிரிவில் சேர 8-ம் வகுப்பு பாஸ் போதும். ஓராண்டுதான் படிப்பு. அரசு ஐ.டி.ஐ. என்றால் பயிற்சிக் கட்டணம் இல்லை, மாதம் ரூ.750 உதவித்தொகையும் உண்டு. கேட், கிரில் பட்டறைக்கு இது தாராளம். ஆனால் துவாக்குடியில் நடப்பது பாய்லர் வேலையாச்சே!

எக்ஸ்ரேயில் தெரியும் வண்டவாளம்

பாய்லர் பைப்புக்குள் நீராவி கடும் அழுத்தத்தில் ஓடும். ஒட்டு விட்டுப்போனால் உயிர்ப்பலிதான். அதனால் பாய்லர் விதிப்படி தேர்வு எழுதி, மன்னிக்கவும், பற்றவைத்துக் காட்டி பாஸ் ஆனவர்தான் அதில் கை வைக்கலாம்.

இதில் பெரிய கண்டம் '6ஜி' டெஸ்ட். பைப்பை 45 டிகிரி சாய்த்து அசையாமல் மாட்டிவிடுவார்கள். வெல்டர்தான் குனிந்தும் எக்கியும் சுற்றிச்சுற்றி வந்து ஒட்டணும். பிறகு எக்ஸ்ரே. வெளியே பளபளவென்று இருந்தாலும் உள்ளே காற்றுக்குமிழி தெரிந்தால் பெயில். பாஸ் ஆனாலும் 2 ஆண்டுக்குத்தான் செல்லும், அப்புறம் புதுப்பிக்கணும்.

இந்த கைப்பழக்கம் ஓராண்டில் வந்துவிடாது. ராடும் ஆர்கான் கேசும் எரித்து எரித்துத்தான் வரும். அதை மிச்சம் பிடிக்கிற சென்டரில் பணம் கட்டினால் கிடைப்பது பேப்பர் மட்டுமே. தினமும் எத்தனை மணி நேரம் பையன் கையில் டார்ச் இருக்கும் என்று பெற்றோர் கேட்டுவிட்டு சேர்ப்பது நல்லது. திருச்சி பெல் வளாகத்திலேயே 1975-ல் தொடங்கிய வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் இருப்பது உள்ளூர்க்காரர்கள் பலருக்கே தெரியாது.

பெல் ஆர்டர் குறைந்த ஆண்டுகளில் பட்டறைகள் பல படுத்தபோதும் 6ஜி கைக்காரர்கள் ரிபைனரி, வளைகுடா என்று பிழைத்துக்கொண்டார்கள்.

வளைகுடா ஆசையில் ஏமாறுகிறவர்களும் உண்டு. 10-ம் வகுப்பு முடிக்காதவர் அங்கு வேலைக்குப் போக குடிபெயர்வு அனுமதி வாங்கணும். அதைத் தட்டிக்கழித்து விசிட் விசாவில் ஏற்றிவிடும் ஏஜென்டிடம் சிக்கினால், சம்பளம் வராவிட்டாலும் கேட்க நாதி இருக்காது. பதிவுபெற்ற ஏஜென்ட் வாங்கலாம் என்று விதி சொல்வது ரூ.30 ஆயிரமும் ஜி.எஸ்.டி.யும்தான். லட்சம் கேட்டால் லைசென்ஸ் நம்பரை வாங்கி இ-மைகிரேட் இணையதளத்தில் தட்டிப் பாருங்கள். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் சென்னையில் இருக்கிறது.