கொப்பி நிறைந்தால் போதுமா?

மலையகத் தோட்டப் பாடசாலைகளின் பின்தங்கிய நிலை பற்றிப் பேச்செழும் போதெல்லாம் ஆசிரியர்களாகிய நாம் முதலில் கூறும் காரணம் ஒன்றுண்டு. "பெற்றோருக்கு அக்கறை இல்லை" என்பதே அது. கல்வியறிவு குறைந்த சமூகத்தில் கற்பிப்பது கடினம் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் எழுத்தறிவின்மையும் அக்கறையின்மையும் ஒன்றல்ல.

இந்நிலை தானாக ஏற்பட்டதல்ல. 1920ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டம் தோட்டப் பிள்ளைகளின் கல்வியைத் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பில் விட்டது. 1945இல் நாட்டில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியிலேயே நின்றன. பெரும்பாலானவற்றை அரசு பொறுப்பேற்றது 1977இற்குப் பின்னரே. இன்று எமது வகுப்பறையில் இருக்கும் பிள்ளைகளின் பாட்டன் பாட்டிமார் பலர் ஓராசிரியர் பள்ளியில் சில வருடங்கள் இருந்துவிட்டு மலைக்குப் போனவர்கள். அந்த இழப்பின் சுமையையே பிள்ளைகள் இன்னும் சுமக்கின்றனர்.

எமக்குத் தெரிந்த ஒரு பாடசாலையில் பெற்றோர் கூட்டம் வாரநாளில் காலை பத்து மணிக்கு வைக்கப்பட்டது. வந்தவர்கள் ஏழெட்டுப் பேர். அந்நேரத்தில் மலையை விட்டு வந்தால் அன்றைய பேர் அரைப்பேராகும் என்பதை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. மாலைக் கொழுந்து நிறுத்த பின்னர் கூட்டம் வைத்தபோது மண்டபத்தில் இடம் போதவில்லை.

அக்கூட்டத்தில் ஒரு தாய் மகனின் கொப்பியை எம்மிடம் பெருமையோடு நீட்டினார். "புள்ள பக்கம் பக்கமா எழுதியிருக்கான் சேர்" என்றார். எழுத்து முத்து முத்தாக இருந்தது. எமது சிவப்புச் 'சரி' அடையாளமும் இருந்தது. ஆனால் தரம் நான்கில் படிக்கும் அப்பிள்ளையால் தான் எழுதிய ஒரு வரியையேனும் வாசிக்க முடியவில்லை. கரும்பலகையில் இருந்ததைப் படம் வரைவது போல் பார்த்து எழுதியிருந்தான்.

இங்கேதான் நாம் நின்று சிந்திக்க வேண்டும். அந்தத் தாய் கொழுந்துத் தராசின் முன் ஏமாறுபவர் அல்லர். ஒவ்வொரு நாளும் எத்தனை கிலோ பறித்தார், அதில் எவ்வளவு கழித்தார்கள் என்பதை மாதம் முழுவதும் மனதில் வைத்திருந்து சம்பள நாளில் கேட்பவர். ஆனால் எமது தராசை அவரால் பார்க்க இயலாது. நகரத்துப் பெற்றோர் கொப்பியைப் புரட்டிப் பிழை பிடிப்பர். பிரத்தியேக வகுப்புக்கு அனுப்பிக் குறையை நிரப்புவர். இங்கோ ஆசிரியரின் சொல்லே முடிந்த முடிவு. கணக்குக் கேட்க எவருமில்லாத இடத்தில் எமது பொறுப்பு இரட்டிப்பாகிறது.

ஆகவே சிலவற்றை நாமாகவே தொடங்கலாம். வாரம் ஒரு முறையேனும் ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியே வாசிக்கச் செய்து கேட்போம். புலமைப்பரிசிலுக்கென ஐந்தாறு பேரைத் தெரிந்தெடுத்துப் பின்வாங்கிலை மறந்துவிடும் வழக்கத்தைக் கைவிடுவோம். எழுத்தறிந்த பெற்றோர் இருந்தால் மட்டுமே செய்யக்கூடிய வீட்டுவேலையைக் கொடுக்காதிருப்போம். பதிலாக, கவ்வாத்து எப்படி வெட்டுவது, ஒரு கூடையில் எத்தனை கிலோ பிடிக்கும் என வீட்டில் கேட்டு வரச் சொல்வோம். பெற்றோர் அறிந்ததும் பாடம்தான் என்பதைப் பிள்ளை உணரட்டும். சம்பளத் துண்டை வகுப்புக்குக் கொண்டுவந்தால் கூட்டலும் கழித்தலும் அதிலேயே உண்டு. அப்பிள்ளை அன்று மாலை வீட்டில் அதை வாசித்துக் காட்டினால், படிப்பின் பயனை எவரும் தாய்க்கு விளக்கத் தேவையில்லை.

ஆசிரியர் பற்றாக்குறையும் நீண்ட பயணமும் ஓயாத பதிவேட்டு வேலைகளும் எம்மை வருத்துவது உண்மை. அவற்றுக்காகக் குரல் கொடுப்போம். ஆனால் ஒரு பிள்ளையை அருகில் அழைத்து ஒரு பக்கம் வாசிக்கக் கேட்பதற்குச் சுற்றுநிருபம் எதுவும் வேண்டியதில்லை.

வாசிக்கத் தெரியாமலே தரம் ஒன்பது வரை வந்த பிள்ளை, பின்னர் கொழும்பில் ஏதோவொரு கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான் எனக் கேள்விப்படுகிறோம். இடைவிலகல் என்று பதிவேட்டில் எழுதுகிறோம். அவன் விலகியது அன்றல்ல. தரம் இரண்டில், நாம் வாசிக்கக் கேளாமல் 'சரி' போட்ட அந்த நாளிலேயே.