நாடகமும் ஒரு சாட்சியே

சரித்திரம் உண்மை, இலக்கியம் கற்பனை என்று பிரித்துப் பேசுவது கற்றோரிடையே ஒரு வழக்கமாகிவிட்டது. சர்க்கார் அறிக்கையில் அச்சேறியது நடந்தது. நாடகத்தில் வருவது நாடகக்காரன் கட்டியது. அவ்வளவே என்பது அவர்கள் முடிவு. இம்முடிவு எவ்வளவு தூரம் செல்லும் என்பதை அறிய விரும்புவோர்க்கு வங்காளத்து வழக்கொன்றை நினைவூட்ட விரும்புகிறோம். 1861-ஆம் வருஷம் ஜூலை மாதம் கல்கத்தா சுப்ரீம் கோர்ட்டில் குற்றவாளிக் கூண்டில் நின்றவர் ஜேம்ஸ் லாங் என்னும் பாதிரியார். பெயரளவில்தான் அவர். விசாரணைக்கு நின்றது "நீல தர்ப்பணம்" என்னும் வங்காளி நாடகம். தர்ப்பணம் என்பது இங்கே எள்ளும் நீரும் இறைக்கும் தர்ப்பணமன்று; கண்ணாடி.

அக்கண்ணாடி காட்டியது யாது? நதியா, ஜெசூர் முதலிய ஜில்லாக்களில் நீலச் சாயத்துக்காக அவுரி பயிரிடச் செய்த ஆங்கிலத் துரைமார், குடியானவனுக்கு முன்பணம் கொடுப்பர். பிகா ஒன்றுக்கு இரண்டு ரூபாய் என்பது வழக்கமான விகிதம். அதை வாங்கிக் கைநாட்டு வைத்த நாள் முதல் அவனது நல்ல நெல் வயலில் ஒரு பகுதி அவனுடையதன்று. விளைந்த தழைக்குத் துரை வைத்ததே விலை. அளவும் துரையின் அளவே. வருஷக் கடைசியில் கணக்குப் பார்த்தால் முன்பணம் தீர்ந்திராது. தகப்பன் பற்று மகன் தலையில் ஏறும். மறுத்தவன் துரையின் கிடங்கில் அடைபடுவான். அவன் மாடுகள் ஓட்டிச் செல்லப்படும்.

1859-ல் குடிகள் இனி அவுரி விதைப்பதில்லை என்று எழுந்தனர். சர்க்கார் முதலிற் செய்தது, ஒப்பந்தம் மீறிய குடியானவனைச் சிறையிலிட வழி செய்த 1860-ஆம் வருஷத்து 11-வது சட்டம். பிறகுதான் விசாரணைக் கமிஷன். ஐவர் அமர்ந்த அக்கமிஷனில் துரைமாருக்குப் பிரதிநிதி உண்டு, ஜமீன்தார்களுக்கு உண்டு, பாதிரிமாருக்கும் உண்டு. விதைத்தவனுக்கு இல்லை. ஆயினும் சாட்சியம் வெளிவந்தே தீர்ந்தது. மனித இரத்தக் கறை படியாமல் ஒரு பெட்டி நீலமும் இங்கிலாந்து போய்ச் சேருவதில்லை என்ற பேச்சை, டிலட்டூர் என்ற ஆங்கிலேய மாஜிஸ்திரேட் தம் சொந்தக் கூற்றாகவே கமிஷன் முன் ஏற்றுக்கொண்டார். இதைவிடக் கடுமையாக எந்த நாடகக்காரன் எழுதிவிடப் போகிறான்? இருந்தும் அவர்மேல் எவரும் அவதூறு வழக்குத் தொடரவில்லை.

அதே 1860-ல் டாக்காவில் "நீல தர்ப்பணம்" ஆசிரியர் பெயரின்றி வெளியாயிற்று. எழுதியவர் தீனபந்து மித்திரர். தபால் இலாகா உத்தியோகஸ்தர். தபால் வேலையாக ஊரூராய்ச் சென்றவர் ஆதலின், துரைமாரின் தொழிற்சாலைகளைக் கண்ணாற் கண்டவர். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை லாங் பதிப்பித்தார். மொழிபெயர்த்தவர் மைக்கேல் மதுசூதன தத்தர் என்று பங்கிம் சந்திரர் எழுதியிருக்கிறார், மறுப்போரும் உளர். பிரதிகள் சர்க்கார் உறையிலேயே வெளியூர்களுக்குச் சென்றன என்று தெரிந்ததும் துரைமார் கொதித்தெழுந்தனர். முதலில் அகப்பட்டவர் அச்சகத்தார். அவர் தண்டனை ஏற்க வேண்டாம், பொறுப்பு என்னுடையது என்று லாங் முன்வந்தார். மொழிபெயர்ப்பாளர் பெயரைக் கடைசிவரை சொல்லவில்லை. பத்திரிகை நடத்துவோர் இதை இருமுறை படிப்பது நலம்.

வழக்கை நேர்மையாகச் சொல்ல வேண்டுமானால் ஒன்றை மறைக்கலாகாது. இரண்டு பத்திரிகாசிரியர்கள் ஆயிரம் ரூபாய்க்காகத் துரைமார் பக்கம் எழுதுகிறார்கள் என்ற குறிப்பு நூலின் முகவுரையில் இருந்தது. கையில் சான்றில்லாமல் அப்படி எழுதுவதை வக்கீலாகவும் ஆசிரியனாகவும் நாம் ஆதரிக்க இயலாது. ஆனால் குற்றச்சாட்டு அதனோடு நின்றதா? துரைமார் என்னும் வர்க்கத்தையே நாடகம் இழிவுபடுத்தியது என்பது இரண்டாவது குற்றம். ஒரு வர்க்கத்துக்கு மானநஷ்டம் உண்டென்றால், உலகில் எந்த நாடகம் தப்பும்? வங்காளிகளைக் கூண்டோடு பழித்துப் பேசியவர் என்று பெயரெடுத்த மார்டண்ட் வெல்ஸ் நீதிபதி. ஜூரிகள் இரண்டிலும் குற்றவாளி என்றனர். ஒரு மாதச் சிறை. ஆயிரம் ரூபாய் அபராதம். அபராதத் தொகையைக் காளிபிரசன்ன சிங்கர் அங்கேயே கட்டினார்.

அறிக்கையைப் பொறுத்தவர்கள் நாடகத்தைப் பொறுக்காதது ஏன்? அறிக்கையில் பிகாவும் ரூபாயும் பேசுகின்றன. நாடகத்தில் க்ஷேத்திரமணி என்னும் கர்ப்பிணிப் பெண்ணைத் துரையின் அறைக்குள் கொண்டுபோய் விடுகிறார்கள். துரையின் பெயர் ரோக். படிப்பவனுக்கு அந்த அறைக் கதவு சாத்தப்படும் ஓசை காதில் விழுகிறது. ஆனால் தீனபந்துவின் பெருமை வெள்ளைக்காரனை அரக்கனாகக் காட்டியதில் இல்லை, அது எளிது. அவளை அங்கே அழைத்து வருகிறவள் யார்? அதே ஊர் பதி மயிராணி. செய்கிற காரியம் கொடிது என்று மனம் அரித்தும் செய்பவள். குடிகளின் நிலத்துக்கு முளையடிப்பவன் யார்? கோபிநாதன் என்னும் திவான், நம்மவன். துரையிடம் உதையும் வாங்கிக்கொண்டு, அந்த உதையைக் கீழே இருப்பவனுக்குக் கைமாற்றிவிடும் மனுஷ்ய சுபாவம் அவனிடத்தில் உயிரோடு நடமாடுகிறது. எந்தக் கமிஷனும் கோபிநாதன் நெஞ்சுக்குள் புகுந்து பார்த்ததில்லை. அந்நிய ஆட்சி எவர் தோள்மீது நின்றது என்பதற்கு அவனே சாட்சி.

1872-ஆம் வருஷம் டிசம்பர் 7-ந் தேதி கல்கத்தாவில் நாஷனல் தியேட்டர் சீட்டு விற்று ஆடிய முதல் நாடகமும் இதுவே. 1875-ல் லக்ஷ்மணபுரியில் ஆடியபோது, தோராப் என்னும் முஸ்லிம் குடியானவன் துரையைப் பிடித்து க்ஷேத்திரமணியை மீட்கும் காட்சியில், பார்க்க வந்திருந்த வெள்ளையர் எழுந்து கலகம் செய்ததாக நடிகை விநோதினி தாசி எழுதியிருக்கிறார். மறு வருஷம் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. அதற்கு இந்நாடகமே காரணம் என்பது மிகை. வேறு நாடகங்களும் உடனடிக் காரணங்களாயிருந்தன. சுதந்தரம் வந்த பின்னும் அச்சட்டம் ஏட்டில் கிடந்து, 2018-ல்தான் நீங்கியது என்பது நமக்குப் பெருமை தருவதன்று.

சாட்சி என்று சொன்னோம்; சாட்சியென்றால் குறுக்கு விசாரணை உண்டு. நாடகத்தில் நல்ல குடும்பத்தார் நவீன மாதவனும் விந்து மாதவனும் புத்தகப் பாஷையில் நீட்டிப் பேசுகிறார்கள், கேட்க அலுப்பாயிருக்கிறது. தோராப்பும் வேலைக்காரி ஆதுரியும் வாய் திறந்தால் மண்வாசனை வீசுகிறது. கடைசி அங்கத்தில் ஒருவர் பின் ஒருவராகச் செத்து விழுவதும் கொஞ்சம் அதிகந்தான். இவை கலைக் குறைகள், மன்னிக்கலாம். பெரிய குறை வேறு. நூலின் முகவுரை விக்டோரியா மகாராணியையும் நல்ல அதிகாரிகளையும் நம்பி நிற்கிறது. படித்த மத்தியதர வகுப்பாரின் நம்பிக்கை அது. நீதி மேலிருந்து வரும் என்று அவர் காத்திருந்தார். பீஹாரின் சம்பாரண் ஜில்லாவில் இருபது கட்டாவுக்கு மூன்று கட்டா அவுரிக்கென்ற நிர்ப்பந்தம் அதன் பிறகும் அரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. 1917-ல் காந்தியடிகள் அங்கே போய் ஆயிரக்கணக்கான குடிகளின் வாக்குமூலங்களை எழுதி வாங்கும்வரை அது அசையவில்லை.

அந்த நம்பிக்கையினால்தான் தீனபந்துவின் குடியானவர்கள் பெரும்பாலும் அழுகிறார்கள். தோராப் ஒருவன் விலக்கு. நிஜத்தில் நதியா ஜில்லாவின் சௌகாச்சா கிராமத்துத் திகம்பர விசுவாசரும் விஷ்ணுசரண விசுவாசரும் குடிகளைத் திரட்டினர். துரையின் தடியர்களை எதிர்த்து நின்றனர். இதற்குக் குடிகளின் பாட்டையோ கதையையோ தேட வேண்டியதில்லை. சர்க்கார் குறிப்பிலேயே தடயம் இருக்கிறது. 1860-ல் வங்காளத்து லெப்டினெண்ட் கவர்னர் கிராண்டு குமார், காளிகங்கை ஆறுகளின் வழியாக அறுபது எழுபது மைல் படகிற் சென்றார். இரு கரையிலும் குடிகள் ஆயிரக்கணக்கில் வரிசையாய் நின்றார்கள். பெண்கள் தனித்தனிக் கூட்டமாக நின்றார்கள். கலகமில்லை, கல்லெறியில்லை. அவுரி விதைக்க வேண்டியதில்லை என்று ஓர் உத்தரவு வேண்டும் என்பதே அவர்கள் கேட்டது. காலை முதல் மாலை வரை படகு போகப் போக அந்த வரிசை முடியவில்லை என்று அவரே எழுதிவைத்தார்.