சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு

ஓசூர் வட்டாரத்தில் பாகலூர், பேரிகை, தளி, கெலமங்கலம் பக்கம் சிறு விவசாயிகள் பலரது வீட்டு வாசலில் ஒரு பழைய மாருதி 800 அல்லது ஆம்னி வேன் நிற்கக் காண்கிறோம். முன்னதன் தயாரிப்பு 2014ஆம் ஆண்டிலும், பின்னதன் தயாரிப்பு 2019ஆம் ஆண்டிலும் நின்றுவிட்டன. ஆனாலும் ரோஜாவும், கொத்தமல்லி, புதினாக் கட்டுகளும் விடியற்காலைச் சந்தைக்கு இவற்றில் ஏறித்தான் போகின்றன. வண்டி வழியில் நின்றால் அன்றைய பூ அன்றே வீண்.

வயதான வண்டிகளில் பரவலாகக் காணும் குறை ஆயில் கசிவு. வாசலில் ஒரு கருப்புப் பொட்டைக் கண்டதும் "எஞ்சின் போயிற்று" என்று பதறுவோர் உண்டு. "சொட்டினால் சொட்டட்டும்" என்று விட்டுவிடுவோரும் உண்டு. இரண்டுமே நஷ்டத்தில் முடியும். கசியும் இடத்தைத் தம் கண்ணால் பார்க்கும் வரை எவரும் எஞ்சினைப் பிரிக்கச் சம்மதிக்கக் கூடாது என்பது எனது கருத்து.

நான் மெக்கானிக் அல்ல. பயிர் நோய் பார்ப்பவன். தக்காளிச் செடி வாடினால், அது தண்ணீர்க் குறைவா, வாடல் நோயா, வேரில் நூற்புழுவா என்று செடியைப் பிடுங்கிப் பார்க்காமல் நாங்கள் மருந்து சொல்வதில்லை. வண்டிக்கும் அதே முறைதான்.

சில ஆண்டுகளுக்கு முன் எனது மாருதி 800 வண்டியில் எஞ்சினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்தின் அடியில் ஆயில் சொட்டியது. நெடுஞ்சாலை ஓரத்து ஒர்க் ஷாப் ஒன்றில் காட்டினேன். கிராங்கின் பின்பக்க ஆயில் சீல் போய்விட்டது, கியர் பாக்ஸை இறக்க வேண்டும், அப்படியே கிளட்சையும் மாற்றிவிடலாம் என்றார்கள். ஒரு நாள் அவகாசம் கேட்டு வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். துடைத்துப் பார்த்ததில், ஆயில் இறங்கியது மேலே டிஸ்ட்ரிபியூட்டர் பொருந்தும் இடத்திலிருந்து. அங்குள்ள ரப்பர் வளையம் காய்ந்து இறுகிப் போயிருந்தது. அதை மாற்றியதும் சொட்டு நின்றது. கியர் பாக்ஸை யாரும் தொடவில்லை.

ஆயில் மேலிருந்து வழிந்து கீழே வரும். வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னுக்குத் தள்ளும். ஆகவே ஈரமாக இருக்கும் இடங்களில் மிக உயரமானதையும், முன்புறம் உள்ளதையும் முதலில் சந்தேகிக்க வேண்டும். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, மண்ணெண்ணெய் நனைத்த துணியால் அழுக்கைத் துடைத்து உலர விடுங்கள். மின் கம்பிகள் மீது தண்ணீரைப் பீய்ச்ச வேண்டாம். உலர்ந்த பின் சந்தேகமான இடங்களில் முகத்துக்குப் பூசும் பவுடரை லேசாகத் தூவி, சில கிலோமீட்டர் ஓட்டி நிறுத்துங்கள். பவுடரில் முதலில் கருமை படரும் இடமே கசிவின் பிறப்பிடம். இரவில் வண்டியின் அடியில் பழைய செய்தித்தாளை விரித்து வைத்தால், எந்தப் பகுதியில் எவ்வளவு விழுகிறது என்பதும் தெரியும். பச்சையாக இருந்தால் அது ரேடியேட்டர் தண்ணீராக இருக்கலாம். கெட்டியாகக் கந்தக வாடை அடித்தால் கியர் ஆயில்.

டேப்பட் கவர் கேஸ்கட், ஆயில் பில்டரின் ரப்பர் வளையம், டிரெயின் நட்டின் வாஷர், ஆயில் பிரஷர் சுவிட்ச் ஆகியவற்றை முதலில் பாருங்கள். எல்லாம் குறைந்த விலைப் பொருள்கள். பில்டர் மாற்றும்போது பழைய வளையம் எஞ்சினிலேயே ஒட்டி நிற்க, அதன்மேல் புதியதை முறுக்கிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. டிரெயின் நட்டை அளவுக்கு மீறி முறுக்கினால் சம்பின் மரை தேய்ந்துவிடும்.

பலர் கவனிக்காதது பிரீதர் குழாய். எரிந்த வாயுவில் ஒரு பகுதி பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கும்; அது வெளியேறும் வழி இதுதான். இக்குழாய் அழுக்கால் அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் கூடி, நல்ல சீல் வழியாகவும் ஆயில் பிதுங்கும். புது சீல் போட்டும் கசிகிறது என்பவர்கள் இதைப் பார்க்கட்டும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் சிறிது ஆவி வருவது இயல்பு. பிரீதர் சுத்தமாக இருந்தும் புகை குபுகுபுவென்று வந்தால் வளையங்கள் தேய்ந்திருக்கக்கூடும். அப்போது எஞ்சின் வேலையைத் தள்ளிப்போட முடியாது.

கசிவை நிறுத்தும் மருந்து என்று புட்டியில் விற்பதை நான் சிபாரிசு செய்வதில்லை. ரப்பரைச் சில நாள் ஊறவைத்து உப்பச் செய்வதோடு பெரும்பாலும் அதன் வேலை முடிகிறது. ஆயில் படிந்த இடத்தின்மேல் பசை பூசினால் ஒட்டாது. உள்ளே பிதுங்கிய பசை சம்பில் உள்ள ஆயில் சல்லடையை அடைத்து எஞ்சினையே கெடுக்கும்.

எல்லாக் கசிவையும் உடனே சரிசெய்ய வேண்டும் என்பதும் இல்லை. நிமிடத்துக்கு ஒரு சொட்டு என்றால் நாளுக்கு 1,440 சொட்டு. ஏறக்குறைய 50 முதல் 70 மில்லி. சுமார் 3 லிட்டர் மட்டுமே கொள்ளும் சிறிய எஞ்சினுக்கு இது அதிகம். கேஸ்கட் ஓரத்தில் ஈரம் கசிந்து தூசி ஒட்டுவதோடு நின்றால், வாரம் ஒருமுறை சமதரையில் வண்டியை நிறுத்தி, சில நிமிடம் கழித்து ஆயில் குச்சியைப் பார்த்து வந்தால் போதும். மேல்கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் கெடுதலே. டைமிங் பெல்ட் பக்கம் நனைந்தாலோ, கிளட்ச் வழுக்கினாலோ, சூடான சைலன்சர் குழாயில் ஆயில் விழுந்து புகைந்தாலோ தாமதிக்கக் கூடாது. ஆயில் சிவப்பு விளக்கு எரிந்தால் சூளகிரி இறக்கமே ஆனாலும் ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட வேண்டும்.

எல்லை தாண்டி பெங்களூரிலிருந்து பழைய வண்டி வாங்குவோருக்கு ஒரு வார்த்தை. கழுவி மினுக்கிய எஞ்சினைக் கண்டு மயங்காதீர்கள். கழுவிய எஞ்சினில் கசிவு தெரியாது. அரை மணி நேரம் ஓட்டிவிட்டு அடியில் குனிந்து பாருங்கள். அதன்பின் விலை பேசுங்கள்.

வடித்த கழிவு ஆயிலை வரப்பிலும் கிணற்றோரத்திலும் கொட்டுவதையும், கறையானுக்கென்று தென்னையின் தூரில் ஊற்றுவதையும் இன்னும் காண்கிறேன். சட்டப்படி அது அபாயக் கழிவு. மூடியுள்ள கேனில் சேர்த்து, கழிவு ஆயில் வாங்கும் ஒர்க் ஷாப்பில் கொடுத்துவிடலாம்.