முகப்பை மாற்றாதீர்: பழைய கைக்கடிகாரங்களும் அவற்றின் வரலாறும்

ஓடாத கைக்கடிகாரம் ஒன்றேனும் இல்லாத வீடு நம்மிடையே அரிது. அலுமாரியின் மேற்றட்டிலோ, காணியுறுதிகள் வைத்த தகரப் பெட்டியிலோ, பாட்டனார் அணிந்த மணிக்கூடு துணியிற் சுற்றப்பட்டுக் கிடக்கும். அதனைக் கண்டெடுக்கும் இளைஞர் பெரும்பாலும் இரண்டில் ஒன்று செய்வர். 'இனி இஃது எதற்கு?' என்று வந்த விலைக்கு விற்பர். அன்றேல், மங்கிய முகப்பை மாற்றி, தேய்ந்த கூட்டை மினுக்கிப் புதியதுபோலாக்கி அணிவர். முன்னது பொருளை இழத்தல்; பின்னது பொருளைக் கையில் வைத்துக்கொண்டே அதன் வரலாற்றை இழத்தல். விற்ற கடிகாரத்தை வேறொருவராவது பேணக்கூடும். முகப்பு அழிக்கப்பட்ட கடிகாரமோ எவர் கைக்குச் சென்றாலும் தன் கதையைச் சொல்லமாட்டாது. ஆதலின் இவ்விரண்டினுள் பின்னதே பெரிய இழப்பு என்பது எமது கருத்து. பழைய கைக்கடிகாரங்களைச் சேர்த்தல் என்பது அவற்றைப் புதுப்பித்தல் அன்று; அவற்றை வாசித்தல் என்பதை எடுத்துக்கூறவே இக்கட்டுரை எழுந்தது.

கைக்கடிகாரம் ஆடவர் அணியும் பொருளாகி நெடுங்காலம் ஆகவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆடவர் சட்டைப்பையிற் சங்கிலியுடன் வைத்த கடிகாரத்தையே கொண்டனர். மணிக்கட்டில் அணிவது மகளிர் ஆபரணமாகவே எண்ணப்பட்டது. பத்தெக் பிலிப் நிறுவனம் 1868 ஆம் ஆண்டில் ஹங்கேரி நாட்டுப் பிரபுகுலப் பெண்மணி ஒருவருக்கென ஒரு கைக்கடிகாரம் செய்ததைக் கடிகார வரலாற்றார் குறிப்பிடுவர். இந்நிலையைப் பெரிதும் மாற்றியது 1914 இல் மூண்ட முதலாம் உலகப் போர். பதுங்குகுழியில் நின்ற வீரனுக்குச் சட்டைப்பையைத் துழாவ நேரமில்லை. குறித்த நிமிடத்தில் எழுந்து முன்னேற வேண்டியிருந்தது. ஆகவே சிறிய கடிகாரத்தின் கூட்டில் கம்பிவளையம் ஒட்டித் தோற்பட்டி கோத்து மணிக்கட்டிற் கட்டினர். கண்ணாடி உடையாதிருக்க உலோகக் காப்பு இட்டனர். இருளிலும் தெரியும்பொருட்டு எண்களுக்கு ஒளிரும் பூச்சுப் பூசினர். இன்று ஒருவர் கையில் அத்தகைய கம்பிவளையக் கடிகாரம் கிடைக்குமாயின், அது அணியும் வழக்கம் மாறிய ஒரு காலத்தின் சான்றாகும். அவ்வளையத்தை அறுத்துப் புதுமுறைப் பிடிகளை ஒட்டுவோர் அச்சான்றையே அறுத்தெறிகின்றனர்.

கடிகாரத்தை எவ்வாறு வாசிப்பது என்று வினவலாம். அதன் பின்மூடியிலும் உள்ளிருக்கும் பொறியிலும் முகப்பிலும் பொறித்துள்ள குறிகளே அதன் எழுத்துகள். இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியப் படைத்துறை தனக்கு வேண்டிய கைக்கடிகாரத்தின் இலக்கணத்தை வகுத்தது. கரிய முகப்பு, ஒளிரும் முட்கள், நொடிகாட்டும் தனிச் சிறுவட்டம், நீர் புகாத கூடு என்பன அவ்விலக்கணத்துள் அடங்கும். ஒமேகா, லொஞ்சீன், சீமா, எற்றேர்ணா, கிரானா முதலிய பன்னிரண்டு நிறுவனங்கள் அவ்விலக்கணத்துக்கு அமையச் செய்து 1945 ஆம் ஆண்டளவில் வழங்கின. முகப்பில் அகன்ற அம்புக்குறி ஒன்றும், பின்மூடியில் 'டபிள்யூ' என்னும் ஆங்கில எழுத்து மும்முறையும் காணப்படின் அஃது அவ்வினத்தைச் சேர்ந்தது. அம்புக்குறி அரசுடைமை என்பதைக் காட்டும். அவ்வெழுத்துகளோ கையில் அணியும் நீர்புகாக் கடிகாரம் என்பதன் ஆங்கிலச் சுருக்கம். ஓர் அம்பும் மூன்றெழுத்தும் ஒரு பெரும்போரின் கணக்கேட்டுக்கு நம்மை அழைத்துச் செல்கின்றன.

குறிகளினும் மேலானது தொடரிலக்கம். நம் கல்லூரியிற் சேர்ந்த மாணவன் ஒவ்வொருவனுக்கும் சேர்வு இடாப்பில் ஓர் இலக்கம் இருப்பதுபோல, நல்ல நிறுவனத்தார் செய்த கடிகாரத்துக்கும் ஓர் இலக்கம் உண்டு. சுவிற்சர்லாந்தின் செயின்ற் இமியே என்னும் ஊரிலுள்ள லொஞ்சீன் நிறுவனம் 1867 முதலாகத் தன் கடிகாரங்களின் இலக்கங்களைக் கையெழுத்துப் பேரேடுகளிற் பதிந்து காத்து வந்துள்ளது. இலக்கத்தைக் கொண்டு தேடின், எந்த ஆண்டில் எந்த வணிகருக்கு அக்கடிகாரம் அனுப்பப்பட்டது என்பதைப் பல வேளைகளில் அறியலாம். மலைநாட்டுச் சிற்றூர் ஒன்றின் பேரேடும் வடமாகாணத்து வீடொன்றின் அலுமாரியும் ஓர் இலக்கத்தினாற் பிணைக்கப்படுவது வியப்பன்றோ?

இலக்கத்துடன் கடிதமும் சேருமாயின் அதன் பயன் பன்மடங்காகும். இரண்டாம் உலகப் போரிலே யேர்மனியரிடம் சிறைப்பட்ட பிரித்தானிய வீரர்களின் கடிகாரங்கள் பறிக்கப்பட்டன. ரோலெக்ஸ் நிறுவனத்தை நிறுவிய ஹான்ஸ் வில்ஸ்டோர்ப், அவ்வீரர்கள் ஜெனீவாவுக்கு எழுதிக் கேட்டால் கடிகாரம் அனுப்பவும், விலையைப் போர் முடிந்தபின் பெறவும் உடன்பட்டார். சிறைமுகாமிற் செருப்புத் தைத்துப் பொருளீட்டிய கோப்ரல் கிளைவ் நட்டிங் என்பார் 1943 இல் அவ்வாறு ஒன்றை வேண்டிப் பெற்றார். போர் வெற்றி எவர் பக்கம் என்று தெரியாத நாளில், கைதி ஒருவன் சொல்லை நம்பிக் கடன் கொடுத்த செய்தி இது. நிறுவனம் அவருக்கு எழுதிய கடிதங்கள் பேணப்பட்டமையாலன்றோ இதனை நாம் அறிகின்றோம்! கடிதம் இல்லையேல் அஃது அழகிய உருக்குக் கடிகாரம் ஒன்று மாத்திரமே.

இனி, புதுப்பித்தலால் விளையும் கேட்டைப் பார்ப்போம். அண்டை நாடாகிய இந்தியாவில் எச்.எம்.ரி. என வழங்கிய அரசுத் தொழிற்சாலை, யப்பானின் சிற்றிசன் நிறுவனத்தின் துணையுடன் 1961 ஆம் ஆண்டில் பெங்களூரிலே கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. 'ஜனதா' என்னும் பெயருடன் அது வெளியிட்ட, கையால் முறுக்கும் கடிகாரம் எளிய மக்களின் கையை அலங்கரித்தது. தேர்வில் தேறிய மகனுக்கும், மணக்கோலம் பூண்ட மருமகனுக்கும் வழங்கப்பட்ட பரிசில் அது. 2016 ஆம் ஆண்டு ஜனவரியில் அக்கடிகார நிறுவனத்தை மூட இந்திய அரசு முடிவு செய்தது. அதன்பின் பழைய ஜனதாக்களுக்குத் தேவை பெருகியது. தேவை பெருகவே போலியும் பெருகிற்று. தொழிற்சாலை ஒருபோதும் வெளியிடாத நிறங்களில் முகப்புத் தீட்டி, பல கடிகாரங்களின் உறுப்புகளை ஒன்றிற் கூட்டி, பழம்பொருள் என விற்கின்றனர். வாங்குவோர் மகிழ்கின்றனர். ஆனால் அவ்வாறு தீட்டப்படும் ஒவ்வொன்றுடனும் உண்மை முகப்பு ஒன்று மறைகின்றது. இன்னும் சில ஆண்டுகள் செல்லின், உண்மையான ஜனதா எவ்வாறு இருந்தது என்பதைக் காட்டவும் கடிகாரம் கிடையாதாகும்.

இது சிறுவிலைக் கடிகாரங்களுக்கு மாத்திரம் நேர்வதென்று எண்ணற்க. 1957 ஆம் ஆண்டுக்குரிய ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் கடிகாரம் ஒன்று 2021 இல் ஜெனீவா ஏலத்தில் 31 இலட்சம் சுவிஸ் பிராங்குக்கு மேல் விலைபோயிற்று. வாங்கியது ஒமேகாவின் சொந்த அரும்பொருட்சாலையே. பல கடிகாரங்களின் உறுப்புகளை ஒட்டிச் செய்யப்பட்டது அது என்பதை 2023 இல் அந்நிறுவனமே அறிவித்தது. செய்தவரின் கண்ணையே மறைக்கத்தக்க ஒப்பனை எளிய குடும்பத்தாரை ஏமாற்றுதல் அரிதோ?

"கடிகாரம் ஓடுவதற்கன்றோ? பழுதுபட்டதைத் திருத்தாமற் பூசிக்கலாமோ?" என்று சிலர் வினவுவர். நியாயமான வினாவே. பொறியைத் துடைத்து எண்ணெய் இடுதலும், அறுந்த விற்சுருளை மாற்றுதலும், தேய்ந்த பற்சில்லுக்கு ஏற்ற பற்சில்லு இடுதலும் திருத்தமாகும். அவை கடிகாரத்தின் உயிரைக் காப்பன. எண்ணெய் உலர்ந்த பொறியை ஓடவிட்டால் உறுப்புகள் ஒன்றையொன்று தின்னும். ஆகவே அத்திருத்தம் கடமையுமாகும். முகப்பைத் தீட்டுதலும், பொறித்த எழுத்து மறையும்வரை கூட்டைத் தேய்த்தலும் வேறு. அவை கடிகாரத்தின் ஓட்டத்துக்கு யாதும் உதவுவதில்லை. நம் சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 இற் கலித்தொகையைப் பதிப்பித்தபோது பழைய ஏடுகளையே ஆதாரமாகக் கொண்டார். செல்லரித்த இடத்தைத் தம் கவியால் நிரப்புதல் நல்ல பதிப்பாசிரியருக்கு அழகன்று என்பதை இக்கல்லூரியிற் பயின்றோர் நன்கறிவர். முகப்பின் மங்கலும் அவ்வாறே ஏட்டின் சிதைவு. அதனைச் சிதைவாகவே விடுதல் நேர்மை.

தவிர்க்க முடியாத மாற்றமும் உண்டு. முன்னர்க் கூறிய படைத்துறைக் கடிகாரங்கள் சிலவற்றில், ஒளிரும் பூச்சிலிருந்த றேடியத்தின் தீமை கருதிப் படைத்துறையே பிற்காலத்தில் முகப்பை மாற்றியது. அம்மாற்றமும் வரலாறே, ஏனெனில் அதன் காரணம் தெரியும், அதனை மறைப்பாரும் இலர். மாற்றுதல் குற்றமன்று, மாற்றியதை மறைத்தலே குற்றம்.

றேடியத்தைப் பற்றி மாணவர்க்கு ஓர் எச்சரிக்கை கூறுதல் தகும். அமெரிக்காவின் நியூ யேர்சி மாநிலத்தில் முகப்புகளுக்கு அப்பூச்சைத் தீட்டிய இளம்பெண்கள், தூரிகை முனையை உதட்டாற் கூராக்குமாறு பழக்கப்பட்டமையால் கொடிய நோயுற்றனர். அவர்களுள் ஐவர் தொடுத்த வழக்கு 1928 இல் இணக்கத்தில் முடிந்தது. றேடியத்தின் அரைவாழ்வுக்காலம் ஏறக்குறைய 1600 ஆண்டு. பழைய முகப்பு இருளில் ஒளிராமைக்குக் காரணம் அதனுடன் கலந்த நாகசல்பைட்டு நலிந்தமையே. கதிர்த்தொழிற்பாடு நின்றுவிட்டது என்பதன்று. ஆகையால் 1960க்கு முந்திய ஒளிர்முகப்புக் கடிகாரங்களை வீட்டிலே திறத்தலும், பூச்சைச் சுரண்டலும், நுண்டுகளைச் சுவாசித்தலும் கூடா. மூடியபடி வைத்துப் பார்த்தலே போதும்.

"இவையெல்லாம் செல்வர் விளையாட்டு" என்பார்க்கும் ஒரு விடை உண்டு. நடிகர் போல் நியூமன் அணிந்த ரோலெக்ஸ் கடிகாரம் 2017 இல் நியூயோர்க்கில் 1 கோடியே 77 இலட்சம் டொலருக்கு ஏலம் போனது. அதே வகைக் கடிகாரங்கள் வேறும் உள. அதற்கு மாத்திரம் அவ்விலை வந்தது எதனால்? அவர் மனைவியார் அதன் பின்மூடியிற் பொறிப்பித்த, வாகனத்தைக் கவனமாக ஓட்டும்படி வேண்டும் சில சொற்களாலும், அதனை அணிந்தவர் இன்னார் என்னும் உறுதியாலுமன்றோ? செல்வரும் ஈற்றில் விலைகொடுப்பது வரலாற்றுக்கே. நம் வீட்டுக் கடிகாரத்தின் வரலாற்றுக்கு விலையிடுவார் சந்தையில் இலர். ஆயினும் நம் பிள்ளைகளுக்கு அதனினும் உரியது வேறில்லை. அதனை அறிவதற்குப் பணம் வேண்டா. பாட்டியாரிடம் அமர்ந்து கேட்கும் பொறுமையே வேண்டும்.

நம் நாட்டில் இவ்வேலைக்குத் தனியொரு தேவையும் உண்டு. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது மீட்கவியலாத ஏடுகள் பல சாம்பலாயின. 1995 இன் இடப்பெயர்வில் உறுதியும் நிழற்படமும் கடிதமும் விட்டுச் சென்ற குடும்பங்கள் பல. கையிற் கட்டியிருந்த மணிக்கூடு மாத்திரம் உடையவருடன் சென்றது. தாள் அழிந்த இடத்தில் எஞ்சிய பொருளே ஆவணமாக நிற்கின்றது. அதன் முகப்பையும் நாமே அழித்தல் தகுமோ?

ஆதலால் பழைய மாணவர்க்கும் இன்று பயில்வோர்க்கும் எமது வேண்டுகோள் இதுவே. வீட்டிலுள்ள பழைய கைக்கடிகாரத்தை எடுத்துப் பாருங்கள். முகப்பிலுள்ள பெயரையும் பின்மூடியிலுள்ள எழுத்தையும் இலக்கத்தையும் ஒரு தாளில் எழுதுங்கள். யார் வாங்கியது, எவ்வூரில், எந்த உத்தியோகத்தின்போது, யார் கொடுத்த பரிசு என்பனவற்றை வீட்டுப் பெரியோரிடம் இன்றே கேட்டு அதன்கீழ் எழுதுங்கள். கேள்வியாற் பெற்றதைக் கேள்வி என்றும், கண்டதைக் கண்டதென்றும் பிரித்தெழுதுங்கள். பற்றுச்சீட்டோ பெட்டியோ இருப்பின் உடன் வையுங்கள். திருத்தக் கொடுக்கும்போது, 'பொறியைத் திருத்துக. முகப்பையும் கூட்டையும் தொடற்க' என்று தெளிவாகச் சொல்லுங்கள். மாற்றிய உறுப்புகளையும் கேட்டு வாங்குங்கள். விழா எடுக்கும் இக்கல்லூரி தன் பழைய இடாப்புகளின் மஞ்சளித்த தாள்களைப் பேணுகின்றதேயன்றி, அவற்றை அழித்து வெள்ளைத் தாளில் அழகாக எழுதிவைத்து மகிழவில்லை. கல்லூரி தன் ஏட்டுக்குச் செய்யும் மரியாதையை நாம் நம் வீட்டு மணிக்கூட்டுக்கும் செய்வோமாக.