பாட்டிக்குப் பேர் இருக்கிறது

1970 மே மாதம், லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிப்பதிவுக்கூடம் ஒன்றில் ஒரு மனிதரின் காலுக்கென்று தனியாக ஒரு மைக் வைத்தார்கள். அவர் பெயர் ஜான் லீ ஹூக்கர். மிஸிஸிப்பியில் குத்தகை விவசாயக் குடும்பத்தில் பிறந்து, டெட்ராய்ட்டில் கார் தொழிற்சாலை வேலை பார்த்துக்கொண்டே பாடி, ப்ளூஸ் இசையின் தலைக்கட்டுகளில் ஒருவராக நின்றவர். அவரோடு சேர்ந்து பதிவு செய்ய வந்தது ‘கேன்டு ஹீட்’ என்ற ராக் இசைக்குழு. அதற்கு முந்தைய ஆண்டுதான் வுட்ஸ்டாக் விழாவில் லட்சக்கணக்கானோர் முன் வாசித்துப் பேர் வாங்கியிருந்தார்கள். ஹூக்கர் பாடும்போது காலால் தரையைத் தட்டிக்கொண்டே இருப்பார். அந்தத் தட்டுதான் அவருடைய தாளம். அதனால் காலடியில் ஒரு பலகையைப் போட்டார்கள். குரலுக்கு ஒரு மைக், கிடார் பெட்டிக்கு ஒரு மைக், காலுக்கு ஒரு மைக்.

போடிநாயக்கனூரில் மைக் செட் வாடகைக்கு விடுவது என் தொழில். அந்த மூன்றாவது மைக்கின் அருமை எனக்குத் தெரியும். அந்த இளைஞர்கள் பெரியவரைத் தங்கள் பாட்டுக்கு இழுக்கவில்லை. அவர் பாட்டுக்குள் தாங்கள் போனார்கள். இசைத்தட்டில் முதலில் ஹூக்கர் தனியாகப் பாடுகிறார். பிறகு அந்தக் குழுவின் ஆலன் வில்சன் மட்டும் கூட வாசிக்கிறார். முழுக் குழுவும் வருவது அதற்கப்புறம்தான். ஹூக்கரின் பாட்டு அளவுக்குள் அடங்காது. பன்னிரண்டு அளவில் திரும்ப வேண்டிய இடத்தில் பதினொன்றில் திரும்புவார், பதின்மூன்றுக்கும் இழுப்பார். வில்சன் அவர் மூச்சைப் பார்த்துக் கூடவே போனார். 1971-ல் வெளிவந்த அந்த இசைத்தட்டின் தலைப்பில் ஹூக்கரின் பெயர்தான் முதலில் இருந்தது. அமெரிக்க விற்பனைப் பட்டியலில் அவர் ஆல்பம் ஒன்று இடம்பிடித்ததும் அதுதான் முதல் முறை.

நம் ஊரில் பெரிய இசையமைப்பாளர்களும் புதிய இசைக்குழுக்களும் கிராமத்துப் பாட்டுக்காரர்களைத் தேடி வருகிற காலம் இது. நல்ல காலம்தான். ஆனால் அப்படி வருகிறவர்களிடம் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. யார் யாருக்குப் பின்னால் போகிறார்கள்? யார் பெயர் எங்கே வருகிறது? காசு எங்கே போகிறது?

குரங்கணி, கொட்டகுடி, சென்ட்ரல் ஸ்டேஷன், முதுவாக்குடி என்று எங்கள் போடி மலைச்சரிவு முழுக்க ஏலமும் காப்பியும் மிளகும்தான். போடிமெட்டுக்கு மேலே பூப்பாறை, சாந்தன்பாறை, ராஜகுமாரித் தோட்டங்களுக்கு விடியுமுன் ஜீப்பில் ஏறிப்போகும் பெண்களில் என் அம்மாவும் ஒருத்தி. ஏலக்காய் செடியின் உச்சியில் காய்க்காது. அடித்தூரில் தரையோடு படர்ந்த சரத்தில் காய்க்கும். குனிந்தோ குத்தவைத்தோதான் எடுக்க வேண்டும். மழையில் சாக்கைக் கொங்காணி போட்டுக்கொண்டு, அட்டை ஏறிய காலோடு அந்தப் பெண்கள் பாடிய பாட்டுகளைக் கேட்டு வளர்ந்தவன் நான். ஒரு நிரையில் ஒருத்தி எடுப்பாள், அடுத்த நிரையிலிருந்து இன்னொருத்தி பதில் சொல்வாள். கணக்குப்பிள்ளையைத் திட்டுவார்கள், பிறந்த வீட்டை நினைப்பார்கள், தூரத்தில் கேட்கும் ஜீப் சத்தத்துக்கும் ஒரு வரி கட்டுவார்கள். மிஸிஸிப்பியின் பருத்திக் காட்டிலும் இதே மாதிரி குனிந்த முதுகுகளிலிருந்துதான் ப்ளூஸ் பிறந்தது. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் பாடியது அது. இரண்டும் ஒன்றல்ல, வரலாறு வேறு, கொடுமையின் அளவு வேறு. ஆனால் அந்தக் குரலைக் கேட்டால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு யாரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

சில வருஷங்களுக்கு முன் மலையடிவாரத்துத் திருவிழா ஒன்றில் வெளியூர் இன்னிசைக் குழுவுக்கு நான்தான் மைக் செட். எங்கள் பெரியம்மா முறையாகும் ஒரு வயதான அம்மாவை மேடையேற்றிப் பாடச் சொன்னார்கள். கீபோர்டு வாசித்த தம்பி, “என்ன சுதிம்மா?” என்று கேட்டார். “அதெல்லாம் எனக்குத் தெரியாதுப்பா. நான் முன்னால போறேன், நீ பின்னாலயே வா” என்றார் பெரியம்மா. தம்பி பின்னால் போகவில்லை. பெட்டியில் ஏற்கெனவே பதிந்து வைத்திருந்த தாளத்தைத் தட்டிவிட்டார். அது நூல் பிடித்த மாதிரி ஒரே வேகத்தில் ஓடியது. பெரியம்மாவோ அழ வேண்டிய இடத்தில் இழுத்தார், கேள்வி கேட்கும் இடத்தில் சட்டென்று நிறுத்தினார். தாளம் நிற்கவில்லை. இரண்டு அடி பாடிவிட்டுத் திணறி நின்றார். “பாட்டிக்குத் தாளம் வரல” என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். ஓரத்தில் இருந்த உறுமிக்காரர்தான் எழுந்து வந்து, அந்தப் பெட்டியை அணைக்கச் சொல்லி, பெரியம்மாவின் முகத்தைப் பார்த்தபடியே வாசித்தார். அதன்பிறகு அந்த அம்மா பாடிய பாட்டுக்குத் திருவிழாக் கூட்டம் மொத்தமும் வாயடைத்து நின்றது.

எளவு வீடுகளிலும் இதைப் பார்க்கிறேன். ஒப்பாரி வைக்கும் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து மாரடித்துப் பாடுவார்கள். மைக்கில் அந்த அடி ‘தம், தம்’ என்று விழும். அதைக் கோளாறு என்று நினைத்து அடிச்சத்தத்தைக் குறைத்துவிடும் பையன்கள் உண்டு. அதைக் குறைத்தால் பாட்டே படுத்துவிடும். அந்த மாரடிதான் அங்கே தாளம். ஹூக்கரின் காலுக்கு மைக் வைத்தவர்களுக்கு இது புரிந்திருந்தது. நம் பெண்களின் பாட்டைப் பதிய வருகிறவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதுதான் என் முதல் வேண்டுகோள்.

அடுத்தது பெயர். 2021 மார்ச் 7-ம் தேதி வெளிவந்த ‘எஞ்சாய் எஞ்சாமி’ பாட்டை அறியாத தமிழர் குறைவு. பாடகர் அறிவும் பாடகி தீயும் பாடினார்கள், இசை சந்தோஷ் நாராயணன். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு, கையில் நிலமில்லாமல் திரும்பி வந்த தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையிலிருந்து அந்தப் பாட்டு வந்ததாக அறிவு சொன்னார். 1964-ல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில், இலங்கையிலிருந்து 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாகக் கையெழுத்தானது. அந்த எண்ணுக்குள் ஒளிந்திருந்த ஒரு வாழ்க்கை கோடிக்கணக்கான செவிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. வள்ளியம்மாளின் பெயர் பாட்டுக்குள்ளேயே ஒலித்தது. ஒரு தோட்டத் தொழிலாளியின் மகனாக நான் அன்று பட்ட பெருமை கொஞ்சமல்ல.

ஆனால் அதே ஆண்டு ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ இதழின் அட்டையில் தீ இருந்தார், அறிவு இல்லை. இயக்குநர் பா. இரஞ்சித் அதைக் கேள்வி கேட்டார். பிறகு அறிவுக்கும் ஓர் அட்டை வந்தது. 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு அறிவு இல்லாமல் மேடையேறியது. அப்போது அவர் வெளிநாட்டில் இருந்தார். அவருக்குரிய இடத்தை எப்போதும் சொல்லியே வந்திருக்கிறோம் என்று தீயும் சந்தோஷும் விளக்கம் தந்தார்கள். 2024 மார்ச்சில் சந்தோஷே, அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு இதுவரை ஒரு பைசாவும் வரவில்லை என்று பொதுவில் சொன்னார். இவர்களில் யாரையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த நான் எழுதவில்லை. மூவரும் திறமைசாலிகள், மூவரும் சேர்ந்ததால்தான் அந்தப் பாட்டு. நான் கேட்பது ஒன்றுதான். நாடறிந்த கலைஞர்கள் சேர்ந்த இடத்திலேயே பெயருக்கும் பணத்துக்கும் இவ்வளவு சிக்கல் என்றால், குரங்கணியில் ஏலக்காய் எடுக்கும் பெரியம்மாவின் கதி என்ன?

கதி என்ன என்று எனக்குத் தெரியும். செல்போனில் படம் பிடித்து, ‘கிராமத்துப் பாட்டியின் கண்ணீர்ப் பாடல்’ என்று தலைப்பு வைத்து ஏற்றுகிறார்கள். பெரியம்மா அப்படித்தான் ஏறினார். ஊர் பெயர் இல்லை, ஆள் பெயர் இல்லை. பிறகு வேறு யாரோ அதன்மேல் தாளம் சேர்த்து இன்னொரு பாட்டாக்கினார்கள். தன் குரல் எங்கெங்கே ஓடுகிறது என்று அந்த அம்மாவுக்கே தெரியாது. போடி ஏல மையத்தில் ஒரு மூட்டை ஏலக்காய் வந்தால்கூட அதற்கு லாட் நம்பர் உண்டு, விற்பவர் பெயர் உண்டு, எடை உண்டு, கிலோவுக்கு என்ன விலை போனது என்ற கணக்கு உண்டு. அந்தக் காயை எடுத்தவளின் பாட்டுக்கு மட்டும் எதுவும் இல்லை.

இந்த அநியாயம் ப்ளூஸ்காரர்களுக்கும் நடந்தது. 1941-ல் ஆலன் லோமக்ஸ் என்பவர் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காக மிஸிஸிப்பித் தோட்டம் ஒன்றில் பாட்டுப் பதிந்தார். டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த மடி வாட்டர்ஸின் குரல் அப்படித்தான் முதலில் பதிவானது. பிற்பாடு அவருக்கு வந்து சேர்ந்தது 20 டாலர் காசோலையும் இரண்டு இசைத்தட்டுகளும். அவர் 1950-ல் பாடிய ‘ரோலின் ஸ்டோன்’ பாட்டிலிருந்துதான் ‘ரோலிங் ஸ்டோன்ஸ்’ குழு தனக்குப் பெயரெடுத்தது. அதே குழு 1968-ல் வெளியிட்ட ஆல்பம் ஒன்றில் ராபர்ட் வில்கின்ஸின் பாட்டு, முதல் பதிப்புகளில், குழுவினரின் சொந்தப் பாட்டாகவே அச்சாகியிருந்தது. ‘லெட் ஸெப்லின்’ குழுவின் புகழ்பெற்ற பாட்டு ஒன்றில் தன் வரிகள் இருப்பதாக வில்லி டிக்ஸன் 1985-ல் வழக்குப் போட்டார். 1987-ல் சமரசம் ஆன பிறகு டிக்ஸனின் பெயரும் அந்தப் பாட்டில் சேர்ந்தது. பாட்டு வெளிவந்தது 1969-ல்.

நல்லது செய்தவர்களும் அதே ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர்தான். 1965-ல் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றுக்கு அழைக்கப்பட்டபோது, ஹௌலின் வுல்ஃபும் மேடையேற வேண்டும் என்று ரோலிங் ஸ்டோன்ஸ் பிடிவாதமாக நின்றார்கள். ஐம்பது வயதைக் கடந்த அந்தக் கறுப்பின ப்ளூஸ் பாடகர் பாட, நாடே கொண்டாடிய அந்த வெள்ளை இளைஞர்கள் அவர் காலடியில் உட்கார்ந்து கேட்டார்கள். நிறவெறி கொழுந்துவிட்டு எரிந்த நாட்டில் அது சாதாரணக் காட்சியல்ல. ஆக, மனசு இருந்தால் மட்டும் போதாது என்பதுதான் இதில் நமக்குள்ள பாடம். மேடையில் காலடியில் உட்காரும் மரியாதை, இசைத்தட்டின் உறையில் பெயர் அச்சாவது வரைக்கும் போக வேண்டும்.

“நாட்டுப்புறப் பாட்டு எல்லாருக்கும் பொது. இதில் தனி ஆளுக்கு என்ன உரிமை?” என்று கேட்பார்கள். மெட்டு பொதுவாக இருக்கலாம். ஆனால் அந்த எளவு வீட்டில், அந்தப் பிணத்தின் முன்னால், செத்தவர் வாழ்ந்த வாழ்க்கையை அந்த நிமிஷத்தில் வரி வரியாகக் கட்டியவள் ஒருத்தி. அந்த வரி பொது அல்ல, அந்தக் குரலும் பொது அல்ல. சட்டமும் இதை ஒப்புக்கொள்கிறது. நம் பதிப்புரிமைச் சட்டத்தில் பாடுகிறவருக்கு, நிகழ்த்துகிறவருக்கு என்று தனி உரிமை இருக்கிறது. அது 50 ஆண்டுகள் நீடிக்கும். 2012-ல் வந்த திருத்தம், பாடியதை வியாபாரமாக்கினால் பாடியவருக்கும் பங்கு தர வேண்டும் என்கிறது. சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. குரங்கணிக்கு இன்னும் ஏறி வரவில்லை.

“பெரிய ஆட்கள் எடுத்தாளாவிட்டால் இந்தப் பாட்டை யார் கேட்பார்கள்?” என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்வி. கொல்லங்குடி கருப்பாயி 1985-ல் ‘ஆண்பாவம்’ படத்தில் வந்ததால்தான் வானொலிக்கு அப்பாலும் அறியப்பட்டார். பரவை முனியம்மா 2003-ல் ‘தூள்’ படத்துக்குப் பிறகுதான் வீட்டுக்கு வீடு தெரிந்தவரானார். ‘கர்ணன்’ படத்தில் கிடாக்குழி மாரியம்மாளின் குரல் கேட்டு மயிர் கூச்செறியாதவர் யார்? மூவருக்கும் பெயர் கிடைத்தது. ஆனால் பெயர் மட்டும் சோறு போடாது. பரவை முனியம்மாவின் கடைசிக் காலத்து நோயும் வறுமையும் செய்தித்தாளில் வந்தன. ஒருமுறை தரும் சம்பளத்தோடு கணக்கு முடிந்துவிடக் கூடாது. பாட்டு ஓடும் வரை பாடியவளுக்கும் ஓட வேண்டும்.

எங்கள் மலைக்கு இதில் ஒரு மரபே உண்டு. பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன், 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் தோட்டம் தோட்டமாக ஏறிப் பாடியவர். தொழிலாளியின் பாட்டை அவர்களுக்கு முன்னாலேயே நின்று பாடினார். அவர் தம்பி இளையராஜா 1976-ல் ‘அன்னக்கிளி’யோடு இந்த மண்ணின் மெட்டைத் தமிழ்நாடு முழுக்கக் கேட்கவைத்தார். நாங்கள் கேட்டே பழகியவர்கள். பாட்டின் மதிப்பை யாரும் எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆகவே, பாட்டுத் தேடி எங்கள் மலைக்கு வருகிற இசைக்குழுவினரே, இசையமைப்பாளர்களே, செல்போன் தம்பிகளே, வாருங்கள். பெட்டித் தாளத்தைக் கீழேயே வைத்துவிட்டு வாருங்கள். பாடுகிறவரின் முழுப் பெயரையும் ஊரையும் தலைப்பிலேயே போடுங்கள். அவருக்குப் புரியும் தமிழில் ஒரு தாளில் எழுதி, என்ன பங்கு என்று சொல்லி, வீட்டு ஆள் ஒருவரைச் சாட்சி வைத்துக் கையெழுத்து வாங்குங்கள். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்துக்கு ஒரு கோரிக்கை: மேடை ஏறுகிறவர்களை மட்டும் கலைஞர் என்று பார்க்காதீர்கள். எளவு வீட்டிலும் ஏலக்காட்டிலும் பாடுகிறவர்களையும் முகாம் போட்டு உறுப்பினராக்குங்கள். அந்த ஒப்பந்தத் தாளின் மாதிரியை அச்சடித்து ஊராட்சி அலுவலகங்களில் வையுங்கள்.

என் தொழில்காரர்களுக்கும் சொல்கிறேன். நம் மைக்கில் யார் பாடினாலும், பாடுமுன் அவர் பெயரையும் ஊரையும் அவர் வாயாலேயே சொல்லவைப்போம். அதைப் பாட்டோடு சேர்த்தே பதிவோம். யார் வெட்டி எங்கே ஒட்டினாலும், முழுப் பதிவு நம் கையில் சாட்சியாக இருக்கும். இதற்குச் செலவு ஒன்றுமில்லை. எங்கள் கடையில் இதை ஆரம்பித்துவிட்டோம். போடியிலும் தேனியிலும் உள்ள மற்ற மைக் செட்காரர்களும் வரும் சித்திரைத் திருவிழாக்களிலிருந்து தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.